ஷாங்க்ஸிடம் ஏன் அந்தப் பட்டம் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இளைஞர் இணைப்பில் 'ஒன் பீஸ்' பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். 1997 ஜூலையில் தொடங்கி இன்றுவரை வாராவாரம் வளரும் ஒரு ஜப்பானிய மங்காவுக்கு, அதாவது படக்கதைக்கு, தமிழ் நாளிதழ் ஒன்று இடம் ஒதுக்கியது எங்களுக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை எழுப்பிய முக்கியமான கேள்விக்கு அதில் கிடைத்த விடை தவறு. முதன்முறையாக இந்தக் கதைக்குள் நுழையும் இளையவர்கள் அதையே பிடித்துக்கொண்டு விடுவார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

கேள்வி இது: செம்முடி ஷாங்க்ஸ் கடலையே ஆளும் நான்கு கடற்கொள்ளைப் பேரரசர்களில் ஒருவர், கையில் வாள் மட்டுமே வைத்திருப்பவர், அப்படியிருக்க 'உலகின் வலிமையான வாள்வீரர்' என்ற பட்டம் அவரிடம் இல்லாமல் டிராகுல் மிஹாக்கிடம் இருப்பது ஏன்? "இடது கையை இழந்தபோது பட்டத்தையும் இழந்தார்" என்கிறது கட்டுரை. மங்காவின் எந்த அத்தியாயத்திலும் ஷாங்க்ஸ் அந்தப் பட்டத்தை வைத்திருந்ததாக ஒரு வரிகூடக் கிடையாது. அவர் கைக்கு வராத ஒன்றை அவர் இழந்ததாகச் சொல்ல முடியாது. அந்தப் பட்டம் வாள் ஒன்றை மட்டுமே அளக்கிறது, ஷாங்க்ஸின் வலிமை வாளோடு முடிந்துவிடுவதில்லை, மிஹாக்குடனான அவரது போட்டியோ முடிவு காணாமலே நின்றுபோனது. விடை இந்த மூன்றிலும் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம், ஏனென்றால் குழப்பம் மொழிபெயர்ப்பிலேயே தொடங்குகிறது. கட்டுரையில் மிஹாக் ஓரிடத்தில் 'உலகின் தலைசிறந்த வீரர்', இன்னோரிடத்தில் 'உலகிலேயே பலசாலி'. இரண்டும் மூலத்தில் இல்லை. மூலத்தில் மிஹாக்குக்கு வரும் அடைமொழி 'செகாய் சாய்க்யோ நோ கென்ஷி'. செகாய் என்றால் உலகம், சாய்க்யோ என்றால் ஆக வலியது, கென்ஷி என்றால் வாள்வீரர். 'கென்' என்ற வாளைக் குறிக்கும் எழுத்தை எடுத்துவிட்டால் பட்டமே பொருளற்றுப் போகும். மங்காவின் ஆசிரியர் ஓடா தம் பாத்திரங்களுக்கு இப்படி உச்சப் பெயர்களை மிகக் கவனமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். 'உலகின் வலிமையான மனிதர்' ஒயிட்பியர்ட். 'உலகின் வலிமையான உயிர்' கைடோ. 'கடற்கொள்ளையர் அரசர்' கோல் டி. ரோஜர். ஒவ்வொன்றும் தனித்தனி ஏணியின் உச்சி. ஓர் ஏணியில் மேலே நிற்பவர் மற்றதிலும் மேலே நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒயிட்பியர்ட் கையில் இருந்தது நாகினாதா என்ற நீள்தண்டு வாள். அவரை யாரும் வாள்வீரர் என்று சொல்வதில்லை. ஆயுதம் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

கதாநாயகன் லூஃபியின் கப்பலில் உள்ள வாள்வீரன் ஸோரோவின் கனவுக்கு மூலத்தில் வேறு சொற்கள் வருகின்றன. சிறுவயதில் தோழி குய்னாவோடு செய்த சபதத்தில் அது 'செகாய் இச்சி நோ கென்கோ', உலகில் முதலாமவரான வாள்வல்லவர். மிஹாக்கிடம் தோற்றுக் குருதி வழியப் படகில் கிடந்து லூஃபியிடம் சொல்லும்போது 'தாய்கென்கோ' என்கிறான். கென்கோ என்பது வாளேந்தும் எல்லாருக்கும் பொருந்தும் சொல் அல்ல. வாட்கலையிலேயே வாழ்ந்து, அதில் பிறர் ஒப்புக்கொள்ளும் நிலையை அடைந்தவருக்கான சொல் அது. மியமோத்தோ முசாஷி போன்றவர்களை ஜப்பானியர் அந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். தமிழில் 'வாளேந்தியவர்', 'வாள்வல்லவர்' என்று இரண்டு சொற்களாகப் பிரித்து எழுதியிருந்தால் கட்டுரையின் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

இனி ஷாங்க்ஸ், மிஹாக் இருவருக்கும் இடையே மங்கா காட்டியிருப்பது என்ன என்று பார்ப்போம். அது மிகக் குறைவு. சான்றுகள் நான்கே.

முதலாவது 96-ஆம் அத்தியாயம். லூஃபியைப் பிடிப்பவருக்கு முதன்முதலாக 3 கோடி பெரி (அந்த உலகின் நாணயம்) பரிசு அறிவிக்கப்படுகிறது. அந்தச் சுவரொட்டியை எடுத்துக்கொண்டு மிஹாக் தாமே ஷாங்க்ஸ் தங்கியிருக்கும் தீவுக்கு வருகிறார். இரவெல்லாம் குடித்துத் தலைவலியோடு கிடக்கும் ஷாங்க்ஸ், மோதிப் பார்க்க வந்தாயா என்று கேட்கிறார். ஒற்றைக் கையோடு இருக்கும் உன்னோடு இனிமேல் வெற்றி தோல்வி பார்க்கும் எண்ணம் எனக்கில்லை என்ற பொருளில் மிஹாக் பதில் தருகிறார். இந்த வரியைத்தான் கட்டுரையாளர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறோம். வரியில் உள்ள ஜப்பானியச் சொல் 'கெச்சாக்கு', அதாவது தீர்வு, முடிவு. முடிவு காண வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது என்றும், அதை இனிக் காணப் போவதில்லை என்றும் ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. முன்பு நடந்த மோதல்களில் இவர் வென்றார், அவர் தோற்றார் என்ற செய்தி அதில் இல்லை.

இரண்டாவது 434-ஆம் அத்தியாயம். ஷாங்க்ஸ் ஒயிட்பியர்டின் கப்பலுக்கு வருகிறார். மிஹாக்குடன் அவர் மோதிய நாட்களை ஒயிட்பியர்டே நினைவுகூர்கிறார். அவ்வளவு பெரிய மனிதர் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு அந்த மோதல்கள் இருந்திருக்கின்றன. கவனிக்க: ஷாங்க்ஸின் இடது கண்மேல் உள்ள மூன்று கீறல்களும் மிஹாக் போட்டவை அல்ல. அவை மார்ஷல் டி. டீச் என்ற கடற்கொள்ளையர் போட்டவை என்று ஷாங்க்ஸே அங்கே சொல்கிறார். தங்கள் கட்டுரையின் படக்குறிப்பு அவற்றை மிஹாக்கின் கணக்கில் எழுதியிருக்கிறது.

மூன்றாவது 580-ஆம் அத்தியாயம், கடற்படைத் தலைமையகமான மரைன்ஃபோர்டில் ஒயிட்பியர்டோடு நடந்த போரின் இறுதி. ஷாங்க்ஸ் வந்து நின்றதும் மிஹாக் களத்தை விட்டு நடந்துவிடுகிறார். ஒயிட்பியர்டோடு போரிடத்தான் ஒப்புக்கொண்டேன், செம்முடி அந்த ஒப்பந்தத்துக்குள் வரமாட்டார் என்பது அவர் சொல்லும் காரணம். இதை அச்சம் என்று படிப்பவர்களும் உண்டு, நட்பு என்று படிப்பவர்களும் உண்டு. இரண்டுமே அந்தக் கட்டத்தில் எழுதப்படவில்லை. அதே போரில் மிஹாக் ஒயிட்பியர்டை நோக்கி ஒரு வீச்சு வீசினார். தமக்கும் அந்த மனிதருக்கும் உள்ள தொலைவை அளந்து பார்க்கத்தான் அதைச் செய்தார். வைர உடல் கொண்ட ஜோசு குறுக்கே நின்று அதைத் தாங்கினார். அளந்து பார்க்க விரும்புகிறவர், ஷாங்க்ஸ் வந்ததும் அளக்காமலே போகிறார். 96-ஆம் அத்தியாயத்தில் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றுகிறார் என்பது எங்கள் வாசிப்பு.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கனமானது: 1058-ஆம் அத்தியாயம். ஷிச்சிபுகாய் என்ற, உலக அரசின் அனுமதி பெற்ற ஏழு கடற்கொள்ளையர் முறை ஒழிக்கப்பட்ட பிறகு, மிஹாக், க்ரோகடைல், பகி மூவரின் பரிசுத் தொகைகள் வெளிவருகின்றன. மிஹாக்கைப் பற்றிக் கடற்படை தரும் விளக்கத்தில், அவரது வாள்திறன் பேரரசரான ஷாங்க்ஸையும் மிஞ்சியது என்று நேராகவே சொல்லப்படுகிறது. 25 ஆண்டுகளாக ரசிகர்கள் தருக்கம் செய்த இடத்தில் ஓடா ஒரு வரியை வைத்துவிட்டார். இந்த வரியை விட்டுவிட்டு இந்தக் கேள்வியைப் பேசவே முடியாது. தங்கள் கட்டுரை அதைத் தொடவில்லை.

இந்த இடத்தில்தான் பரிசுத் தொகைக் குழப்பம் வருகிறது. மிஹாக்குக்கு 359 கோடி பெரி. ஷாங்க்ஸுக்கு 404 கோடியே 89 லட்சம் பெரி. 'தொகை கூடியவர் வலியவர், ஆகவே பட்டம் ஷாங்க்ஸுக்கே உரியது' என்பது பலர் போடும் கணக்கு. பரிசுத் தொகை உலக அரசுக்கு ஒருவர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதன் விலை. கைவலிமையின் விலை அல்ல. எட்டு வயதுச் சிறுமி ராபினுக்கு 7 கோடியே 90 லட்சம் பெரி வைத்தார்கள். அவளால் அழிந்துபோன எழுத்துகளைப் படிக்க முடியும் என்பதே காரணம். கோமாளி பகிக்கு 318 கோடியே 90 லட்சம். வாள், வலிமை இரண்டிலும் மிஹாக்குக்குப் பக்கத்தில்கூட அவர் நிற்க முடியாது. ஷாங்க்ஸுக்குப் பின்னால் ஒரு கப்பற்கூட்டமும், அவர் கொடியின் கீழ் வாழும் தீவுகளும் இருக்கின்றன. மிஹாக் தனி ஆள். குரைகானா தீவின் பாழடைந்த கோட்டையில் குரங்குகளோடு வாழ்ந்தவர். தனி ஆளுக்கு 359 கோடி வைத்திருப்பது அவர் வாளுக்கு வைத்த விலை என்றே கொள்ள வேண்டும்.

தொகைகளைப் பற்றி ஒரு சிறு திருத்தமும் இதோடு. கட்டுரையில் மிஹாக்குக்கு '35.9 கோடி', ஷாங்க்ஸுக்கு '40.4 கோடி' என்று அச்சாகியிருக்கிறது. இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று எளிதில் ஊகிக்கலாம். ஜப்பானியர் 'ஓகு' என்ற அலகில் எண்ணுகிறார்கள். ஓர் ஓகு நம் பத்துக் கோடி. அதற்குக் கீழே உள்ள 'மான்' நம் பத்தாயிரம். மிஹாக்கின் தொகை ஜப்பானியத்தில் 35 ஓகு 9000 மான். ஓகுவை அப்படியே கோடி என்று எழுதினால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஓகுவைப் பத்தால் பெருக்கினால் 350 கோடி. 9000 மானைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் 9 கோடி. மொத்தம் 359 கோடி. ஷாங்க்ஸுக்கு 40 ஓகு 4890 மான், அதாவது 400 கோடியும் 4 கோடியே 89 லட்சமும். ரோஜரின் 55 ஓகு 6480 மான் இதே வழியில் 556 கோடியே 48 லட்சம் ஆகும்.

இனிக் கைக்கு வருவோம். கட்டுரை கையை இழந்ததைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டது. ஆனால் வாளை அறிந்தவருக்கு அந்த இழப்பின் பொருள் மிகப் பெரியது. மிஹாக் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அதில்தான் விளங்கும்.

ஜப்பானிய வாளான கதானா இரண்டு கைகளுக்காகச் செய்யப்பட்டது. அலகு 2 ஷாக்கு, அதாவது சுமார் 60 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். பிடி சுமார் 25 சென்டிமீட்டர். வலது கை வாள்காப்பை ஒட்டிக் கீழே பிடிக்கும். இடது கை பிடியின் கடைசியில். இரண்டுக்கும் இடையே ஒரு முட்டி அளவு இடைவெளி. பார்ப்பவருக்கு வலது கை வெட்டுவதுபோல் தோன்றும். உண்மையில் விசையைத் தருவது இடது கை, குறிப்பாக அதன் சுண்டுவிரலும் மோதிரவிரலும். வலது கை திசை காட்டுகிறது. கென்தோ என்ற வாட்கலை பயிலும் புதியவர்களுக்கு ஆசிரியர்கள் ஓயாமல் சொல்லும் திருத்தம் இதுதான்: வலது கையைத் தளர்த்து. வலது கை முந்தினால் அலகின் விளிம்பு வெட்டும் பாதையிலிருந்து சாய்ந்துவிடும். அந்தப் பாதைக்கு 'ஹாசுஜி' என்று பெயர். தண்ணீரில் ஊறவைத்துச் சுருட்டிக் கட்டிய கோரைப்பாயை வெட்டிப் பயிலும்போது ஹாசுஜி சற்றே பிசகினால் அலகு பாயின் நடுவில் திரும்பி நின்றுவிடும். பிசகு அதிகமானால் எஃகு வளைந்தே போகும்.

இடது கைக்கு உறையிலும் வேலை உண்டு. கதானாவின் அலகு அடியில் உள்ள உலோகக் கவசம் உறையின் வாயில் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். இடது கைப் பெருவிரல் வாள்காப்பைத் தள்ளி அந்தப் பிடிப்பை விடுவிக்கும். வலது கை உருவும்போது இடது கை உறையைப் பின்னால் இழுக்கும். பாதி வேகம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. இடது கை இல்லாதவரிடம் இவை எதுவும் இருக்காது.

ஒற்றைக் கையால் போரிட்டவர்கள் வரலாற்றில் இல்லாமல் இல்லை. தொக்குகாவா ஆட்சியின் பக்கம் நின்ற இபா ஹாச்சிரோ 1868-இல் ஹகோனேயில் நடந்த சண்டையில் இடது கையை இழந்தார். அப்படியும் வடக்கே ஹகோதாதே வரை போய்ப் போரிட்டு 1869-இல் மாண்டார். ஒற்றைக் கை வீச்சுக்கு ஒரு சாதகமும் உண்டு. தோளைத் திருப்பி நீட்ட முடிவதால் எட்டும் தூரம் கூடும். ஆனால் வீசிய வாளை நிறுத்தி மீட்பது கடினம். எதிராளி அலகை அடித்து விலக்கினால் மணிக்கட்டு ஒன்றே அதைத் தாங்க வேண்டும். நெடிய சமபலப் போட்டியில் இது ஒவ்வொரு அடியிலும் சேர்ந்துகொண்டே போகும் பாதகம்.

இப்போது ஷாங்க்ஸின் வாளைப் பாருங்கள். அது கதானா அல்ல. கைப்பிடியைச் சுற்றி முட்டிக்காப்பு உள்ள, கப்பல் தலைவர்கள் இடுப்பில் தொங்கவிடும் வகை. பெயர் கிரிஃபன். இத்தகைய வாள் தொடக்கத்திலிருந்தே ஒரு கைக்குரியது. எதிரிக் கப்பலில் ஏறும்போது மறுகை கயிற்றைப் பிடிக்க வேண்டும், துப்பாக்கி ஏந்த வேண்டும், தடுமாறும் தளத்தில் உடலின் எடையைச் சமன் செய்ய வேண்டும். ஆகவே ஷாங்க்ஸ் இரண்டு கைப் பிடியை இழக்கவில்லை. சமநிலையையும் மறுகையின் உதவியையும் இழந்தார். கடற்கொள்ளையர் தலைவராக இருப்பதற்கு அந்த இழப்பு தடையாகவில்லை. ஒற்றைக் கையோடுதான் மரைன்ஃபோர்டில் கடற்படை அட்மிரல் அகாய்னுவின் எரிமலைக் கைமுட்டியை வாளால் தடுத்து நிறுத்தினார். 1079-ஆம் அத்தியாயத்தில் யூஸ்டஸ் கிட் என்ற கடற்கொள்ளையரை ஒரே வீச்சில் வீழ்த்தினார்.

ஆனால் மிஹாக்குக்குத் தேவைப்பட்டது வேறு. வென்றால் அது வாளால் மட்டுமே பெற்ற வெற்றியாக இருக்க வேண்டும். எதிராளியிடம் குறை இருந்தது என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது. முதல் அத்தியாயத்தில் கடல் அரக்கன் வாயில் அந்தக் கை போனபோது ஷாங்க்ஸுக்கு வயது 27, மிஹாக்குக்கு 31. இருவரும் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த பருவம். அந்த நாளில் அளவுகோல் உடைந்துவிட்டது என்பதே மிஹாக்கின் வரிக்குப் பொருள். சிறுவன் லூஃபிக்காக, புதிய காலத்தின்மேல் பந்தயமாக, தாமே கொடுத்த கை என்று ஷாங்க்ஸ் சொல்கிறார். கொடுத்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. வாள்வீரர் பட்டம் அவருக்கு வேண்டிய பொருளாக இருந்திருந்தால் அந்தக் காட்சியில் எங்காவது அது எட்டிப்பார்த்திருக்கும்.

கிட்டை வீழ்த்திய அந்த வீச்சைப் பற்றி இன்னொரு செய்தி. அதன் பெயர் 'கமுசாரி'. 966-ஆம் அத்தியாயத்தில் சாமுராய் ஒடேன்மேல் ரோஜர் பயன்படுத்திய அதே வீச்சு. ஷாங்க்ஸ் ரோஜரின் கப்பலில் பயிற்சிப் பையனாக வளர்ந்தவர் என்பதால் அது அவரிடம் வந்திருப்பது இயல்பு. அந்த வீச்சில் வாளைவிட மேலோங்கி நிற்பது 'ஹாகி' என்ற மனவலிமை ஆற்றல், அதிலும் அரசத் தன்மையுள்ள 'ஹாவோஷோகு'. வானோ நாட்டின் கரைக்கு அப்பால் கப்பலில் நின்றபடியே கடற்படை அட்மிரல் ர்யோகுக்யூவை அஞ்சிப் பின்வாங்க வைத்ததும் அதே ஆற்றல்தான். அப்போது ஷாங்க்ஸ் வாளைத் தொடக்கூட இல்லை. ஷாங்க்ஸைப் பார்க்கும்போது நாம் வியப்பதில் பெரும்பகுதி இந்த ஹாகி. அதை எடுத்து வாளின் கணக்கில் எழுதும்போதுதான் 'பட்டம் அவருக்குத்தானே?' என்ற கேள்வி பிறக்கிறது. மிஹாக்கிடம் ஹாகி இல்லை என்பதல்ல இதற்குப் பொருள். எந்த வாளும் ஹாகியால் கறுப்பு வாளாக மாறக்கூடும் என்று ஸோரோவுக்குக் கற்பித்தவரே அவர். அவருடைய யோருவே அப்படிப்பட்ட ஒரு கறுப்பு வாள். அவரிடம் ஹாகி வாளுக்குப் பணிசெய்கிறது, ஷாங்க்ஸிடம் வாள் ஹாகிக்குப் பணிசெய்கிறது என்பது எங்கள் எண்ணம்.

யோருவின் தரத்தைப் பற்றி ஒரு சொல். அது 'சாய்ஜோ ஓ வாசமோனோ' என்ற முதல் தர வாள்கள் 12-இல் ஒன்று. அடுத்த படியில் 21, அதற்கடுத்து 50. இந்த எண்கள் ஓடாவின் கற்பனை அல்ல. 1797-இல் ஜப்பானில் அச்சான 'கைஹோ கென்ஜாக்கு' என்ற நூல், வாள்களை வெட்டிச் சோதித்து அவற்றைச் செய்த கொல்லர்களை 12, 21, 50 என்று வரிசைப்படுத்தியது. அங்கே தரம் கொல்லருக்கு, மங்காவில் தரம் வாளுக்கு. இரண்டிலும் ஏந்துபவருக்குத் தரம் இல்லை. ஆகவே 'சிறந்த வாள் இருப்பதால் மிஹாக்குக்குப் பட்டம்' என்ற கட்டுரையின் வரியும் நிற்காது. பாராத்தியே என்ற மிதக்கும் உணவகத்தில் ஸோரோவின் முதல் வீச்சுகள் எல்லாவற்றையும் அவர் தடுத்தது கழுத்தில் தொங்கிய சின்னஞ்சிறு கத்தியால். ஸோரோவின் உறுதியைக் கண்ட பிறகு, மரியாதைக்காகத்தான் யோருவை உருவினார்.

பட்டம் எப்படி ஒருவருக்குச் சேர்கிறது என்பதிலும் ஓடா ஜப்பானிய மரபின்மேல்தான் நிற்கிறார். முசாஷியின் நினைவாக அவரது வளர்ப்பு மகன் இயோரி 1654-இல் கொக்குராவில் ஒரு கல்வெட்டை நிறுவினார். முசாஷியின் தந்தை முனிசாய் பற்றிய செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது. ஷோகுன்களுக்கு (படை ஆட்சியாளர்களுக்கு) வாட்கலை கற்பித்த யோஷியோக்கா குடும்பத்துக்கு 'நாட்டின் முதலாவது வாட்கலைஞர்' என்ற பொருள்படும் பெயர் இருந்தது. ஷோகுன் அஷிக்காகா யோஷியாக்கி முனிசாயை அழைத்து யோஷியோக்காவோடு மோதவைத்தார். மூன்று சுற்று. ஒன்றில் யோஷியோக்கா வென்றார், இரண்டில் முனிசாய். அதன்பின் 'கதிரவனின் கீழ் இணையற்றவர்' என்ற பெயர் முனிசாய்க்கு வழங்கப்பட்டது. அழைப்பு, எண்ணப்பட்ட சுற்றுகள், பார்த்து முடிவு சொல்ல ஒருவர், கடைசியில் தீர்ந்த கணக்கு. பட்டம் கைமாற இவை வேண்டும். ஷாங்க்ஸ், மிஹாக் இடையே நடந்தவற்றில் கடைசியாகச் சொன்னது இல்லை.

ரோஜருக்கும் அவரது துணைத்தலைவர் ரேலிக்கும் ஏன் அந்தப் பட்டம் இல்லை என்றும் கட்டுரை கேட்கிறது. இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கதை தொடங்குவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன் லோக்டவுன் நகரில் ரோஜர் கொலைமேடையில் இறந்தபோது மிஹாக்குக்கு வயது 19. அவர்கள் ஒரே காலத்தின் போட்டியாளர்கள் அல்ல. ரோஜர் வாளேந்தினார், ஆனால் நாடியது கடலின் முடிவை. ரேலி சபோண்டி தீவுகளில் கப்பல்களுக்குப் பூச்சுப் பூசும் தொழிலாளியாக ஒதுங்கி வாழ்கிறார். எழுபதைக் கடந்தும் அட்மிரல் கிசாருவை அவரால் நிறுத்த முடிந்தது, என்றாலும் யாரிடமும் எதையும் நிரூபிக்க அவர் புறப்படவில்லை. இந்தப் பட்டம் சவாலை ஏற்க இன்றும் தயாராக நிற்பவருக்கே பொருந்தும்.

அப்படித் தயாராக நிற்பவர் மிஹாக். க்ரீக் என்ற கடற்கொள்ளையரின் 50 கப்பல்களைத் தனியாளாக அழித்துவிட்டு, பொழுது போகவில்லை என்று காரணம் சொன்னவர், ஸோரோவைக் கொல்லாமல் விட்டார். நெஞ்சில் கத்தி இறங்கியும் ஓர் அடி பின்வாங்காத, வாள்கள் இரண்டு உடைந்ததும் முதுகைக் காட்டாமல் நெஞ்சைத் திறந்து நின்ற அந்த இளைஞனிடம், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் உச்சியில் காத்திருப்பேன், என்னைக் கடந்து வா என்கிறார். பிறகு அதே இளைஞன் மண்டியிட்டுக் கேட்டபோது இரண்டு ஆண்டுகள் குரைகானாவில் அவனுக்குப் பயிற்சியும் தருகிறார். தம்மை வீழ்த்த வருகிறவனைத் தாமே செதுக்குகிறார். ஷாங்க்ஸ் லூஃபிக்கு வைக்கோல் தொப்பியைக் கொடுத்ததற்கு இணையான செயல் இது. ஓடா இரண்டு கனவுகளை இரண்டு மனிதர்களிடம் ஒப்படைத்திருக்கிறார். தொப்பி ஷாங்க்ஸிடம் திரும்பிப் போக வேண்டும், பட்டம் மிஹாக்கிடமிருந்து வர வேண்டும். இரண்டும் ஷாங்க்ஸிடமே இருந்திருந்தால், தன் தலைவனை உயிரோடு காத்த மனிதரை வெட்டி வீழ்த்துவதே ஸோரோவின் வாழ்நாள் நோக்கமாகியிருக்கும். இந்தக் கதையை நேசிக்கும் எவருக்கும் அது தாங்காது.

தாங்கள் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் நாங்கள் கேட்டுக்கொள்வன இவை. பட்டத்தை 'உலகின் வலிமையான வாள்வீரர்' என்றே எழுதுங்கள், 'வாள்' என்ற சொல்லை எங்கும் விடவேண்டாம். ஸோரோவின் கனவை 'வாள்வல்லவர்' என்று வேறுபடுத்தலாம். தொகைகளை மேலே காட்டிய கணக்குப்படி மாற்றுங்கள். கண்மேல் உள்ள கீறல்களுக்கான படக்குறிப்பையும் மாற்ற வேண்டும். மேற்கோளுக்கு அனிமே தொடரின் எண்ணைவிட மங்கா அத்தியாய எண்ணையே தாருங்கள். மிஹாக், ஸோரோ மோதல் அனிமேயில் 24-ஆவது பகுதி, மங்காவில் 51, 52-ஆம் அத்தியாயங்கள். இரண்டு எண்களும் கலந்துவிட்டால் தேடிப் படிக்க வரும் பிள்ளைகள் வேறெங்கோ போய் நிற்பார்கள். 1058-ஆம் அத்தியாயத்தைத் தேடுபவர்களுக்கு 105-ஆவது தொகுதி.

இப்படிக்கு,
மங்கா வாசகர்கள் சிலர்,
திருச்சி.